ஒஃபீலியா வேடத்தைப் பறிகொடுத்த பிறகு ஜூடி டென்ச் என்ன செய்தார்?

கேள்வி: எனக்கு 24 வயது. பகலில் கணக்கு எழுதும் வேலை, மாலையில் ஒரு நாடகக் குழுவில் ஒத்திகை. அண்மையில் முதன்முறையாகக் கதாநாயகி வேடம் கிடைத்தது. இரண்டு முறை மேடையேறியதும், ‘நீ இன்னும் பக்குவப்படணும்’ என்று சொல்லி அதை மூத்த நடிகை ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இப்போது தோழி வேடம், நான்கு வரி வசனம். அதற்கு முன்பே ஒரு சினிமா ஆடிஷனில், ‘உங்க முகம் கேமராவுக்கு ஒத்துவராது’ என்று அனுப்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் நடிகை ஜூடி டென்ச்சுக்கும் இப்படியெல்லாம் நடந்ததாமே, உண்மையா? அவர் எப்படித் தாங்கினார்? நான் விலகிவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உண்மைதான். வேடம் பறிபோனதும் நடந்தது, முகத்தைப் பற்றிய பேச்சும் நடந்தது. ஆனால் அவர் தாங்கிய விதத்தை வெறும் மன உறுதி என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜூடி டென்ச் 1934-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தவர். அப்பா டாக்டர். அந்த ஊர் நாடக அரங்குக்கு வரும் நடிகர்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். அதனால் சிறுவயதிலிருந்தே வீட்டில் நாடகப் பேச்சு உண்டு. ஆனாலும் ஜூடி முதலில் ஆசைப்பட்டது அரங்க வடிவமைப்புக்குத்தான்; அதற்காக ஓவியப் பள்ளியிலும் சேர்ந்தார். ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் மைக்கேல் ரெட்கிரேவ் நடித்த ‘லியர் அரசன்’ நாடகத்தைப் பார்த்தபோது, அதன் மேடையமைப்பு போல் தன்னால் ஒருநாளும் கற்பனை செய்ய முடியாது என்று தோன்றிவிட்டது. அப்புறம்தான் அண்ணன் ஜெஃப்ரியின் வழியில் லண்டன் சென்ட்ரல் நாடகப் பள்ளிக்குப் போனார். பின்னாளில் பெரிய நடிகையான வனெசா ரெட்கிரேவ் அங்கே இவருடைய சக மாணவி.

1957-இல் பள்ளியை முடித்த கையோடு லண்டனின் ஓல்ட் விக் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. முதல் வேடமே ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டில் நாயகி ஒஃபீலியா. ஹாம்லெட்டாக நடித்தவர் ஜான் நெவில், அந்நாளில் பெரிய நட்சத்திரம். லிவர்பூலில் அரங்கேறி லண்டனுக்கு வந்ததும் விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். பள்ளியிலிருந்து நேராக வந்த, பேர் தெரியாத ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பெரிய வேடத்தை எப்படிக் கொடுக்கலாம் என்பது அவர்களுடைய கோபம். 1958-இல் அதே நாடகம் அமெரிக்கப் பயணம் கிளம்பியபோது, ஒஃபீலியா மூத்த நடிகை பார்பரா ஜெஃபோர்டுக்குப் போய்விட்டது. ஜூடிக்கு அப்போது 23 வயது. உங்கள் கதை இதிலிருந்து எவ்வளவு தூரம்?

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஒஃபீலியாவை எடுத்துக்கொண்ட குழு ஜூடியை வெளியே அனுப்பவில்லை. அதே பயணத்தில் ‘ஐந்தாம் ஹென்றி’யில் பிரெஞ்சு இளவரசி கேத்தரினாகவும், ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் மரியாவாகவும் அவர் நடித்தார். அதற்கு முன்பே ‘நடுவேனில் கனவு’ நாடகத்தில் பெயர்கூட இல்லாத ஒரு தேவதையாக வந்திருக்கிறார். ஓல்ட் விக்கில் அப்போது இயக்குநர் மைக்கேல் பெந்தால் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். ஷேக்ஸ்பியரின் முதல் தொகுப்பிலுள்ள 36 நாடகங்களையும் மேடையேற்றுவது இலக்கு. ஒரே பருவத்தில் நாடகங்கள் மாறி மாறி நடக்கும். ஒன்றில் நாயகி, இன்னொன்றில் பணிப்பெண், மற்றொன்றில் கூட்டத்தில் ஒருத்தி. சம்பளம் வாராவாரம் வந்துவிடும். தன் காட்சி இல்லாத நேரத்தில் மேடையோரம் நின்று மூத்தவர்கள் நடிப்பதைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்துத்தான், குறிப்பாக ஜான் நெவிலிடமிருந்து, தொழிலைக் கற்றதாக ஜூடி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் குழுவிலேயே நான்கு பருவங்கள் இருந்தார். 1960-இல் இத்தாலிய இயக்குநர் பிராங்கோ ஜெஃபிரெல்லி வந்து ‘ரோமியோ ஜூலியட்’டை இயக்கினார். ஜூலியட்டாக ஜூடி, ரோமியோவாக ஜான் ஸ்ட்ரைட். கவிதையை அழகாக ஒப்பிக்கும் பழைய பாணியை விட்டு, நிஜமான பதின்வயதுப் பிள்ளைகளைப் போல் இருவரையும் நடிக்கவைத்தார். முதல் நாள் விமர்சகர்கள் பலருக்கு இதுவும் பிடிக்கவில்லை. ஆனால் விமர்சகர் கென்னத் டைனன் கொண்டாடி எழுதினார், இளைஞர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒஃபீலியா பறிபோனதும் இவர் விலகியிருந்தால், இந்த ஜூலியட் வேறு யாருக்கோ போயிருக்கும்.

இதற்குப் பிறகும் எல்லாம் சுகமாகிவிடவில்லை. 1961-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவில், ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’. ஜான் கீல்குட், பெகி ஆஷ்கிராஃப்ட் போன்ற பெரியவர்களோடு அன்யா வேடம். இயக்குநர் மிஷேல் செயின்ட் டெனி ஒத்திகையில் இவரை வறுத்தெடுத்தார். ‘நீ அழுவதை அவர் பார்க்கவிடாதே’ என்று பெகி தைரியம் சொன்னார். ஒருநாள் கீல்குட் போகிற போக்கில், இதை என் நாடகத்தில் நீ செய்திருந்தால் எனக்குப் பரம சந்தோஷம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாராம். இளம் நடிகைக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய பலம்! அதைச் சொல்ல ஆள் இருக்கிற இடத்தில் அவர் இருந்தார்.

சினிமா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு திரைப்பட நேர்காணலில், உன் முகத்தில் எல்லாமே தப்பாக இருக்கிறது என்று நேருக்கு நேர் சொன்னார்கள் என்பதை ஜூடியே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் அதற்காக முகத்தை மாற்ற ஓடவில்லை. மேடையில் வேலை இருந்தது, அதைப் பார்த்தார். 1964-இல் ஒரு சிறு வேடத்தில் திரைக்கு வந்தார். மறு ஆண்டு ‘ஃபோர் இன் த மார்னிங்’ படத்தில், கைக்குழந்தையோடு தவிக்கும் இளம் மனைவியாக நடித்து, நம்பிக்கையூட்டும் புதுமுகத்துக்கான பாஃப்டா என்னும் பிரிட்டிஷ் திரைப்பட விருதை வாங்கினார். உலகம் முழுக்கத் தெரிந்த திரைமுகமானது அறுபது வயதுக்குப் பிறகு. உங்கள் முகத்தைப் பற்றி ஒருவர் ஒரு நாள் சொன்னதை நீங்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த ஆடிஷனை மறந்துவிடுங்கள்.

சரி, விலகலாமா? உங்கள் குழு ஓல்ட் விக் மாதிரியான இடமா என்பதைப் பொறுத்தது அது. சம்பளம் தரும் குழுவாக இருக்காது, அதனால் பகல் வேலையை விடாதீர்கள். நான்கு வரித் தோழியை இப்போதைக்கு ஏற்றுக்கொண்டு, உங்கள் பழைய வேடத்தை அந்த மூத்த நடிகை எப்படிச் செய்கிறார் என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் உட்கார்ந்து பாருங்கள். வலிக்கும், இருந்தாலும் பாருங்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், எந்த வரியை நீங்கள் அவசரப்பட்டு ஓட்டினீர்கள் என்பதெல்லாம் தெரியும்.

இயக்குநரிடம் நேராக இரண்டு கேள்வி கேளுங்கள். என் நடிப்பில் எது குறைந்தது? அடுத்த நாடகத்தில் எனக்கு என்ன வேடம்? ‘பக்குவம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அவர் நிறுத்தினால் விடாதீர்கள், காட்சியைச் சொல்லி, வரியைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொன்னால் அங்கேயே இருங்கள். அடுத்த நாடகத்துக்குள்ளும் மழுப்பல்தான் பதில் என்றால், புதியவர்களை ஆண்டு முழுக்க வைத்துப் பழக்கும் வேறொரு குழுவைத் தேடிப் போங்கள். கிடைக்கும்வரை இங்கேயே நடித்துக்கொண்டிருங்கள்.