“எந்த வசதியும் கேட்க மாட்டோம்” என்று எழுதிக் கொடுத்த கடிதம் செல்லுமா?

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். முதல் ஆண்டு வகுப்பு தரைத்தளத்தில் இருந்தது. இந்த ஆண்டு இரண்டாவது மாடிக்குப் போய்விட்டது. லிஃப்ட் இல்லை. உடன் படிக்கும் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் வராத நாளில் இவளும் வகுப்புக்குப் போக முடிவதில்லை. இப்போது வருகைப் பதிவு குறைவு என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அவள் பயன்படுத்தும்படி ஒரு கழிப்பறைகூட இல்லாததால் காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிப்பதில்லை. கல்லூரி முதல்வரிடம் கேட்டால், ‘எந்தச் சிறப்பு வசதியும் கேட்க மாட்டோம்’ என்று சேர்க்கையின்போது நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டுகிறார். பழைய கட்டடம், லிஃப்ட் வேண்டுமானால் பாதிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-வது பிரிவில் கிரிமினல் வழக்குப் போடலாம் என்கிறார் நண்பர் ஒருவர். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அந்தக் கடிதத்தை நினைத்து இனி ஒரு இரவுகூட நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். அது செல்லாது. சட்டம் கல்லூரியின் தலையில் வைத்த கடமையை, ஒரு தகப்பனிடம் கையெழுத்து வாங்கி இறக்கி வைத்துவிட முடியாது. சட்டத்தின் நோக்கத்தைக் குலைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவே சொல்கிறது. சீட் கை நழுவிவிடுமோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. சொல்லப்போனால் அந்தக் கடிதம் உங்கள் பக்கத்துக்கான சான்று. வேறு எந்த மாணவரிடமும் கேட்காத ஒன்றை உங்களிடம் மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 உங்களுக்குத் துணை நிற்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடமும் வளாகமும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. அத்தகைய ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடுதான் என்பது சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது.

இங்கே நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உங்களுக்கும் முதல்வருக்கும் இடையிலான பேச்சு முழுவதும் லிஃப்டைச் சுற்றியே நடந்திருக்கிறது. லிஃப்ட் என்றதும் டெண்டர், நிதி, அனுமதி என்று இரண்டு வருடம் ஓடிவிடும். அதற்குள் உங்கள் மகள் படிப்பை முடித்திருப்பாள். முதலில் லிஃப்டைக் கேட்காதீர்கள். வகுப்பைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். அறுபது மாணவர்கள் படியில் இறங்கி வர முடியும். அவளால் ஏற முடியாது. அதற்குத் தேவை கால அட்டவணையில் ஒரு மாற்றம் மட்டும்தான். ‘அளவுக்கு மீறிய சுமை’ என்று காட்டினால்தான் கல்லூரி இத்தகைய ஏற்பாட்டை மறுக்க முடியும். அறை மாற்றுவதைச் சுமை என்று யாரிடமும் சொல்லித் தப்ப முடியாது. தேர்வு அறையையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள்; மாற்றுத்திறனாளிகளுக்கான தேர்வை முடிந்தவரை தரைத்தளத்தில் நடத்த வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்களிலேயே சொல்லப்பட்டிருந்தது.

லிஃப்ட், சாய்தளம், கழிப்பறை மூன்றும் வேறு வகை. அவை உங்கள் மகள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அங்கே இருந்திருக்க வேண்டியவை. பழைய கட்டடம் என்ற சாக்கு எடுபடாது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய 45-வது பிரிவு கொடுத்த அவகாசம், இந்தச் சட்டத்துக்கான விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. கல்விக்குப் பயன்படும் கட்டடம், தனியாருடையதாக இருந்தாலும், பொதுக் கட்டடம்தான். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் அழுத்திச் சொன்னது: அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டிய தரங்கள் வேண்டும் என்றது.

பாதிச் செலவைக் கேட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. 2017 மத்திய விதிகளின் 3-வது விதி, நியாயமான ஏற்பாட்டுக்கான செலவை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ மாற்றுத்திறனாளியிடம் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ‘நன்கொடை’ என்ற பெயரிலும் வேண்டாம்.

வருகைப் பதிவு நோட்டீஸுக்கு இந்த வாரமே எழுத்தில் பதில் கொடுங்கள். தூக்கிச் செல்ல ஆள் இல்லாத நாட்களை ஒவ்வொன்றாகத் தேதி போட்டு எழுதுங்கள். கல்லூரியே வழியை அடைத்துவிட்டு, வரவில்லை என்று தண்டிக்க முடியாது.

சான்றுகளையும் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். வாசலில் சாய்தளம் என்று ஏதாவது இருந்தால் டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ஒன்றரை அடி உயரத் திண்ணைக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். பல கல்லூரிகளில் ஆறடிச் சரிவைப் பூசிவிட்டுச் சாய்தளம் என்கிறார்கள், பின்னால் இரண்டு பேர் தள்ளினால்தான் நாற்காலி ஏறும். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் நாற்காலியின் அகலத்தையும் ஒரே படத்தில் எடுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) தரச்சான்றை உங்கள் கல்லூரி பெற்றதா என்று பாருங்கள். அதற்கான சுய மதிப்பீட்டு அறிக்கை கல்லூரியின் இணையதளத்தில் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் பற்றிய கேள்வி அதில் உண்டு. லிஃப்டும் தனிக் கழிப்பறையும் இருப்பதாக அங்கே எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்து மனுவில் இணையுங்கள். உதவி பெறும் கல்லூரி என்பதால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

முதல்வருக்குக் கொடுக்கும் மனுவுக்குப் பலன் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் செல்லுங்கள். வக்கீல் தேவையில்லை. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான் என்றாலும், அதன்மேல் என்ன செய்தார்கள், அல்லது ஏன் ஏற்கவில்லை என்பதை மூன்று மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அதையும் தட்டிக் கழித்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. சட்ட மீறலுக்கு 89-வது பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

92-வது பிரிவு வேண்டாம். அது பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமதிப்பது, தாக்குவது போன்ற குற்றங்களுக்கானது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை. அதில் இறங்கினால் வழக்கு திசை மாறிப் போகும்.

கடைசியாக, மனுவில் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் மனுதாரர் உங்கள் மகள்தான். எழுதுவதற்கு முன் அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள். வகுப்பறையைவிடக் கழிப்பறைதான் அவளுக்கு முதல் தேவையாக இருக்கலாம். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சிறுநீரகத்தைப் பாதிக்கும். அப்படியானால் அதையே முதல் பத்தியில் எழுதட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால், அன்றைக்கே விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.