தகரக் கூரைக்குக் கீழே பாட்டு கேட்க எந்த ஹெட்போன்?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, பாட்டு கேட்பதற்கென்றே காதை முழுசாக மூடுகிற மாதிரி நல்ல ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டும். 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கச்சேரி, எண்பதுகளின் சினிமா பாட்டு, எங்கள் படுகப் பாட்டு, இவ்வளவுதான் கேட்பேன். வேலை முடிந்து ராத்திரியில், போனிலிருந்து. கண்ணாடி போடுகிறேன். வீடு தகரக் கூரை. போன முறை வாங்கிய புளூடூத் ஹெட்போன் இரண்டே வருஷத்தில் தோல் உரிந்து, பேட்டரியும் போய்விட்டது. எந்த பிராண்ட் எடுக்கலாம்?"

பிராண்டுக்கு அப்புறம் வருகிறேன் தம்பி. உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது: தகரக் கூரை, கண்ணாடி, உரிந்த தோல். இந்த மூன்றையும் விட்டுவிட்டு எந்த மாடலைச் சொன்னாலும் அது வேறு யாருக்கோ சொன்ன பதிலாகத்தான் இருக்கும்.

முதலில் அந்தத் தோல். காதைச் சுற்றி உட்காருகிற மெத்தையைத்தான் பேட் என்கிறோம். அதன் மேல் இருப்பது பெரும்பாலும் மாட்டுத் தோல் இல்லை, துணி மேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். பெட்டியில் 'புரோட்டீன் லெதர்' என்று போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். இந்தப் பூச்சுக்கு எமன் ஈரம். காற்றிலிருக்கிற ஈரப்பதம் உள்ளே இறங்கி, அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றினால் காது மடலிலும் கன்னத்திலும் மிளகைப் பொடித்துத் தூவியது மாதிரி கறுப்புத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். நிறைய உபயோகித்ததால் வந்த தேய்மானம் என்று நினைப்போம், ஆனால் அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் இது நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாத ஊர் நம்முடையது, பேட் மட்டும் எப்படித் தப்பும்?

நான் குன்னூரில் குடியேறிய புதிதில், கையிருப்பு எல்லாவற்றையும் போட்டு ஒரு ஹெட்போன் வாங்கினேன். இரண்டாவது மழைக்காலத்தில் பேட் உரிந்தது. அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், பேட் தனியாகக் கிடையாது, புதுசுதான் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. உள்ளே ஸ்பீக்கர் பத்து வருஷம் உழைக்கிற நிலையில் இருந்தது, ஒயர் நன்றாக இருந்தது, சில நூறு ரூபாய் பெறுகிற ஒரு வளையம் இல்லாததால் மொத்தமும் வீண். அதிலிருந்து நான் எதை வாங்கினாலும் சவுண்டைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே அதன் பேட் தனியாகக் கிடைக்கிறதா, கையாலேயே கழற்றி மாட்ட முடிகிறதா என்றுதான் பார்க்கிறேன். இந்த மலையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்கிற முதல் விதி இதுதான்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். மூடிய ஹெட்போனில் பேஸ், அதாவது அடித்தொனி, வருவதே, காதைச் சுற்றிக் காற்று போகாமல் பேட் அடைத்திருப்பதால்தான். சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது அடித்தொனிதான். மேல் ஸ்தாயி அப்படியே இருக்கும். அதனால் 'இந்த ஹெட்போனில் பேஸே இல்லை, காது குத்துகிறது' என்று ஒருவர் திட்டுவதையே இன்னொருவர் அருமை என்பார். அவர் கண்ணாடி போடாதவராக இருக்கலாம். கண்ணாடிக் காம்பு காதுக்கு மேலே பேடைத் தூக்கிப் பிடிக்கிற இடத்தில் ஒரு சந்து விழுகிறது. கம்பளிக் குல்லாவுக்கு மேலே ஹெட்போன் மாட்டுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம், பின்னல் வழியே எல்லாம் போய்விடும். குளிர் என்றால் ஹெட்போனை முதலில் மாட்டிவிட்டு அதற்கு மேலே குல்லாவைப் போடுங்கள்.

ஒரு சோதனை இருக்கிறது, ஒரு நிமிஷம்கூட ஆகாது. பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கிற பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும், காதை மூடுகிற கப்களை லேசாக, மிக லேசாக, தலையோடு சேர்த்து அழுத்துங்கள். பேஸ் திடீரென்று பெருகினால் உங்கள் தலையில் அது சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் ஒரு தடவை செய்து பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த மாடல் வேண்டாம், அல்லது மெல்லிய கம்பிக் காம்பு உள்ள கண்ணாடிக்கு மாறுங்கள். பேட் மெத்தென்று ஆழமாக இருந்தால் காம்பைச் சுற்றி அது வளைந்து கொடுக்கும். கெட்டியான, மெலிந்த பேட் கொடுக்காது.

தகரக் கூரை. கப்பின் பின்பக்கம் வலை மாதிரி திறந்திருக்கிற ஓப்பன் பேக் ஹெட்போன்கள் இருக்கின்றன. பாட்டு தலைக்குள் அடைபடாமல் எதிரே விரிந்து கேட்கும், கச்சேரிக்கு அதைப் போல் சுகம் இல்லை. 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600-ஐ இன்றைக்கும் ஜனங்கள் தேடி வாங்குவதற்குக் காரணம் அதுதான். ஆனால் அதில் வெளிச் சத்தம் அப்படியே உள்ளே வரும், உள்ளே ஓடுவது பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். தகரத்தில் மழை கொட்டுகிற ராத்திரியில் ஓப்பன் பேக் மாட்டிக்கொண்டு தம்புரா கேட்க முடியாது. உங்களுக்கு மூடியதுதான்.

அப்படியானால் இரைச்சலை ரத்து செய்கிற நாய்ஸ் கேன்சலிங் எடுக்கலாமே என்று தோன்றும். அது வெளிச் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அழிக்கிற ஏற்பாடு. 1978-இல் அமர் போஸ் என்ற பேராசிரியருக்கு விமானத்தில் பறக்கும்போது தோன்றிய யோசனை. விமான இன்ஜின், மேட்டுப்பாளையத்திலிருந்து கியர் மாற்றி மாற்றி ஏறுகிற பஸ், இப்படி அடித்தொனியில் ஒரே சீராக ஓடுகிற இரைச்சலுக்கு அது பிரமாதம். தகரத்தில் விழுகிற மழை அப்படி இல்லை. அடியிலிருந்து உச்சி வரைக்கும் எல்லா அலைவரிசையிலும் தெறிக்கிற சத்தம். அதன் மேல்பாதியைத் தடுப்பது எலக்ட்ரானிக்ஸ் இல்லை, கப்பும் பேடும்தான். தினமும் கோவைக்குப் போய் வருகிறவராக இருந்தால் தாராளமாக அதையே எடுக்கச் சொல்வேன். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர், அந்தக் காசை சவுண்டில் போடுங்கள்.

புளூடூத்தும் வேண்டாம் என்றே சொல்கிறேன். தரம் மோசம் என்பதால் இல்லை, இன்றைய புளூடூத் சவுண்ட் நன்றாகவே இருக்கிறது. பேட்டரிதான் பிரச்சினை. உள்ளே பூட்டிய லித்தியம் பேட்டரி சில வருஷத்தில் களைத்துவிடும், பல மாடல்களில் அதை மாற்றுவது பெரும்பாடு. ஒயர் ஹெட்போனில் தேய்வதற்கு பேடும் ஒயரும் தவிர அதிகம் இல்லை. மரம் விழுந்து நாள் கணக்கில் கரண்ட் போகிற ஊரில், சார்ஜ் கேட்காத பொருள் ஒன்று கையில் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்கே தெரியும்.

போனில் ஹெட்போன் ஓட்டை இல்லை என்றால் சார்ஜர் ஓட்டையில் செருகி ஹெட்போன் ஒயரை மாட்டுகிற டைப்-சி டாங்கிள் ஒன்று போதும். பெட்டியில் 'ஓம்' என்று ஓர் எண் போட்டிருக்கும், அது மின்மறுப்பு, ஹெட்போன் மின்சாரத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்ற கணக்கு. 32-லிருந்து 80 ஓம் வரை உள்ளதை டாங்கிளே ஓட்டிவிடும், 250, 300 ஓம் என்றால் சத்தத்துக்குப் பலம் கொடுக்கிற தனி ஆம்ப் தேவைப்படலாம். '5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்' மாதிரி அச்சடித்திருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். மனிதக் காது 20-லிருந்து 20,000 வரைதான், அதிலும் வயது ஏற ஏற உச்சி குறையும்.

கோவைக்குப் போய்க் கேட்டுப் பார்த்து வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம், கோவை 400 சொச்சம். கோத்தகிரிக்கும் ஏறக்குறைய அதே இறக்கம்தான். மலை இறங்கும்போது காது அடைக்கிறதே, அது செவிப்பறைக்கு இரண்டு பக்கமும் காற்றழுத்தம் மாறிப்போவதால் வருகிறது. அந்த நிலையில் செவிப்பறை விறைத்துக்கொண்டு சரியாக அதிராது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராகக் கடைக்குள் போனால் எல்லா ஹெட்போனும் மந்தமாகக் கேட்கும், இருக்கிறதிலேயே கூச்சல் போடுவது எதுவோ அதுதான் பிடித்துப்போகும். எச்சில் விழுங்கி, கொட்டாவி விட்டு, ஒரு டீ குடித்து, காது 'டப்' என்று திறந்து நன்றாகக் கேட்க ஆரம்பித்த பிறகு கடைக்குள் போங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

கடையில் அவர்கள் போடுகிற பாட்டில் கேட்காதீர்கள். உங்கள் போனில், நூறு தடவை கேட்ட உங்கள் பாட்டு. கச்சேரிப் பதிவு ஒன்றில் மிருதங்கத்தின் தொப்பியையும் (இடப்பக்கம்) வலந்தலையையும் (வலப்பக்கம்) தனித்தனியாகக் கவனியுங்கள். தொப்பியில் விழுகிற 'தொம்' பொத்தென்று வீங்காமல், அடித்து நின்று அடங்க வேண்டும். பாடகர் உச்சத்தில் பாடும்போதும் தம்புரா பின்னால் ஓடிக்கொண்டே இருப்பது காதில் விழ வேண்டும். பேஸை ஏற்றிவிட்ட ஹெட்போன்களில் தம்புரா முதலில் காணாமல் போகும். அப்புறம் நாதஸ்வரம், ஐந்து நிமிஷம் தொடர்ந்து. கூர்மை அதிகமான ஹெட்போன் என்றால் அதற்குள் முகம் சுளிக்க வைத்துவிடும். பாட்டில் 'ஸ' வருகிற சொற்கள் சீறுகின்றனவா என்றும் பாருங்கள். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள், ஏனென்றால் கொஞ்சம் சத்தமாக ஓடுவது எப்போதுமே தரமானதாகத் தோன்றும், அனுபவசாலிக் காதையும் அது ஏமாற்றிவிடும்.

இப்போது பெயர்கள். உங்களுக்கு என் தேர்வு பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம். பேட் தோல் இல்லை, வெல்வெட் மாதிரியான வெலூர் துணி, உரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக் காம்புக்கும் மெத்தென்று இடம் கொடுக்கும். பேட் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. குறை இல்லாமல் இல்லை. 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் கூர்மை தூக்கலாக இருக்கும், நாதஸ்வரத்தில் தெரியும். போனில் ஒவ்வொரு தொனியையும் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற ஈக்வலைசரில் அந்த இடத்தை 3, 4 டெசிபல் இறக்கிவிட்டால் சரியாகிவிடும். ஒயர் 3 மீட்டர், கழற்ற முடியாது, மடித்துக் கட்டித்தான் வைக்க வேண்டும். அது ஒத்துவரவில்லை என்றால் ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ்: ஒயரைக் கழற்றலாம், மடக்கலாம், எண்பதுகளின் சினிமா பாட்டுக்கு அதன் பேஸ் நன்றாக ஒத்துப்போகும், ஆனால் பேட் செயற்கைத் தோல், தலையைக் கொஞ்சம் இறுக்கும். 1991-லிருந்து ஸ்டூடியோக்களில் ஓடிக்கொண்டிருக்கும் சோனி எம்டிஆர்-7506-ஐயும் சிலர் சொல்வார்கள். தெளிவான, நேர்மையான சவுண்ட், ஆனால் பேட் மெலிசு, கண்ணாடிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விலை மாதத்துக்கு மாதம் மாறும், உங்கள் பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரலாம். சந்தேகப்படும்படி மலிவாகக் கிடைத்தால் தொடாதீர்கள், இந்த மாதிரிப் பிரபலமான மாடல்களுக்கு டூப்ளிகேட் உண்டு.

வாங்கியதும் பராமரிப்பு. தலைக்குக் குளித்த ஈரத்தோடு மாட்டாதீர்கள். கேட்டு முடித்ததும் பதினைந்து நிமிஷம் காற்றாட வைத்துவிட்டு, இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள், நிறம் மாறுகிற வகை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். கணப்புச் சட்டிக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் வைத்து உலர்த்த வேண்டாம். வெலூர் பேட் உரியாதே தவிர ஈரத்தைக் குடிக்கும், பூஞ்சை வாடை வந்தால் கழற்றி, லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, வெயில் அடிக்கிற ஒரு நாள் பார்த்து முழுக்கக் காயவையுங்கள்.

மழை கொட்டும்போது சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற பாதுகாப்பான அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதுவே 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். மழை விட்டதும் போனை எடுத்து ஒலியளவைப் பாருங்கள், எங்கே போய் நிற்கிறது என்று தெரியும், உடனே இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று, இரண்டு மூன்று வருஷம் கழித்து பேட் மாற்றுவீர்கள் இல்லையா, அப்போது பழையதைக் கழற்றியதும் உள்ளே வட்டமாக மெல்லிசாக ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். தூசித் தடுப்புதானே என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கூர்மையைக் கொஞ்சம் தணித்துக் கொடுப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது, புது பேடுக்கு அடியில் அதே இடத்தில் திரும்ப வையுங்கள்.