கட்டை உதிர்க்கும் மாவு, கிளிஞ்சலில் பூக்கும் பொடி

அன்புள்ள ஐயா,

நடக்கப் போகும்போது கண்ணில் படுவதையெல்லாம் எடுத்துவருவது என் வழக்கம். கிளிஞ்சல், கூழாங்கல், கரை ஒதுங்கிய கட்டை, இறகு, விதை என்று இரண்டு வருடங்களில் நிறையச் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் கூடத்தில் கதவு வைத்த ஒரு மர அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். இப்போது கிளிஞ்சல்கள்மேல் வெள்ளையாக ஏதோ பூக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது. கட்டைக்கு அடியில் மாவுபோலக் கொட்டிக் கிடக்கிறது. மழை நாளில் அதே கட்டை ஈரம் கசிகிறது. தண்ணீரில் பளபளத்த கற்கள் வீட்டுக்கு வந்ததும் மங்கிப்போயின. இதெல்லாம் வீட்டை இதமாக்கும் என்று நினைத்துத்தான் செய்தேன். ஆனால் அந்தக் கூடத்தில் யாருக்கும் உட்காரத் தோன்றுவதில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா? ஒரு பழைய குருவிக்கூடும் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் இன்றைக்கே அந்த அலமாரியைக் காலி செய்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. வெளியிலிருந்து வந்த பொருள் உப்பையும் ஈரத்தையும் பூச்சியையும் தனக்குள் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அழகுபடுத்துவதற்கு முன்னால் அவற்றை வெளியேற்ற வேண்டும்.

கிளிஞ்சலில் பூக்கும் வெள்ளைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வெறும் கடல் உப்பு. நல்ல தண்ணீரில் கழுவினால் போய்விடும், அடியில் ஓடு வழவழப்பாகவே இருக்கும். இன்னொன்று கொஞ்சம் கவலைக்குரியது. கழுவிய பின்னும் ஓட்டின் பளபளப்பு செத்து, ஊசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள் தெரிந்தால், கிளிஞ்சலை அரித்தது உங்கள் அலமாரிதான். மரமும் பிளைவுட்டும் சில பசைகளும் மெல்லிய அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஓக் மரம் இதில் மிக மோசம். கிளிஞ்சல் முழுக்கக் கால்சியம் கார்பனேட். மூடிய இடத்தில் அந்த ஆவி தேங்கினால் ஓட்டின் மேல்தோல் உப்பாக மாறி வெளியே பூக்கிறது. அருங்காட்சியகக்காரர்கள் இதைப் பைன் நோய் என்பார்கள். பைன் மரத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. 1899இல் இதை விவரித்த லோஃப்டஸ் பைன் என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. அவர் இதை பாக்டீரியாவின் வேலை என்று நினைத்தார். அமிலத்தின் வேலை என்பது பிறகுதான் தெரிந்தது.

அலமாரியைத் திறந்ததும் புளித்த வாடை, வினிகர் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வந்தால் ஐயமே வேண்டாம். கிளிஞ்சல்களை நல்ல தண்ணீரில் மூன்று நான்கு நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். அரிபட்ட இடம் பழையபடி ஆகாது, மேற்கொண்டு அரிக்காமல் நிறுத்தலாம். அதற்குப் பிறகு அவற்றுக்கு மர அலமாரி வேண்டாம். கண்ணாடிக் கிண்ணமோ பீங்கான் தட்டோ போதும், அதுவும் திறந்தபடி. கிளிஞ்சலை வினிகரில் கழுவச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. வினிகரும் அமிலம்தான், அலமாரி இரண்டு வருடத்தில் செய்ததை அது ஒரு மணி நேரத்தில் செய்துவிடும். வெளுக்க பிளீச் ஊற்றுபவர்கள் உண்டு. பாசி படிந்த தடித்த ஓட்டுக்கு வேண்டுமானால் சம அளவு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் வைக்கலாம். பிளீச்சும் வினிகரும் ஒரே பாத்திரத்தில் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். காய்ந்த ஓட்டுக்கு உயிர் கொடுக்க ஒரு சொட்டு மினரல் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து, உடனே துணியால் துடைத்துவிடுங்கள். வார்னிஷ் பூசினால் சில வருடங்களில் மஞ்சளாகி உரியும்.

இனி பொறுக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். முழுசான சங்குகள் துறவி நண்டுகளுக்கு வீடு. அந்த நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது, வளர வளரப் பெரிய சங்காகத் தேடிக் குடிபோக வேண்டும். காலியாகத் தெரிவதையும் கொஞ்சம் கடல்நீரில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். கூம்பு வடிவச் சங்குகளைக் கையால் தொடவே வேண்டாம். உள்ளே நத்தை உயிரோடு இருந்தால் கொட்டும், அதன் நஞ்சு ஆளையே கொல்லக்கூடியது. உடைந்த சங்கை எடுங்கள். உள்ளே சுழன்று ஏறும் தண்டு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். முழுச் சங்கைவிட அது எனக்கு எப்போதும் அழகாகப் படுகிறது. பவளத்துண்டையும் பெரிய மட்டிகளையும் நாடு விட்டு நாடு எடுத்துப் போகாதீர்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 1973ஆம் ஆண்டு சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் கற்பவளங்களும் ராட்சத மட்டிகளும் இருக்கின்றன. இறகுகளுக்கும் பல நாடுகளில் தனிச் சட்டம் உண்டு, எடுக்கும் முன் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள்.

கட்டைக்கு வருகிறேன். மழை நாளில் கசிவதற்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலில் மிதந்த கட்டையின் நார் முழுக்க அந்த உப்பு இருக்கிறது. வாளியில் முழுக அமிழ்த்தி, மேலே கல் வைத்து, ஒரு வாரம் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கைத்தடி கனத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வாரம். தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கினால் பயப்பட வேண்டாம், அது மரத்தின் துவர்ச்சாறு. பிறகு உலர்த்துவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், கட்டை நீளவாக்கில் வெடிக்கும். நிழலில், காற்றோட்டமாக, தரையைத் தொடாமல் இரண்டு குச்சிகளின்மேல் கிடத்துங்கள். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துத் தெரியாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரமும் ஒரே எடை காட்டினால் காய்ந்தது. சிறு கட்டைக்கு மூன்று வாரம் ஆகலாம், தொடையளவு கட்டைக்கு மாதக்கணக்கில்.

மாவு வேறு கதை. முதலில் துளைகளைப் பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் துளைகள், உள்சுவரில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பூச்சு என்றால் அது கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் நீண்ட உடல்கொண்ட ஒரு மட்டி. கட்டை காய்ந்ததும் செத்திருக்கும். அந்தத் துளைகளை அப்படியே விடுங்கள், ஒரு சிற்பிக்கும் வராத வேலை அது. ஆனால் துளை குண்டூசித் தலை அளவில், விளிம்பு வட்டமாக இருந்தால் உளுவண்டு. கட்டையைத் தட்டி உதறிவிட்டு ஒரு கறுப்புத் தாளின்மேல் பத்து நாள் வையுங்கள். தட்டாமலே புது மாவு விழுந்தால் உள்ளே புழு தின்றுகொண்டிருக்கிறது, உங்கள் நாற்காலிக்கும் கதவுக்கும் அது பரவும். பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் பனிநீர் கட்டைமேல் படியும். உறைபெட்டிக்குள் அடங்காததற்குச் சூடு. மரப்பெட்டிகளுக்கான பன்னாட்டு விதி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஓவன் அடுப்பு 56 காட்டுவது போதாது, நடுமரத்துக்கு அந்தச் சூடு ஏற மணிக்கணக்கில் ஆகும். அடுப்பை 90 டிகிரிக்கு அருகில் வைத்து, அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துவராத கடல் கட்டையை எரிக்க நேர்ந்தாலும் கணப்பில் போடாதீர்கள். உப்பேறிய மரத்தின் புகையில் டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது.

இறகுகளுக்கும் அதே உறைபெட்டிதான், அதே இரண்டு வாரம். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி மென்சோப்பு விட்டு அலசி உலர்த்துங்கள். கலைந்த இறகை அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் நீவினால் இழைகளின் நுண்கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மறுபடி ஒரே தகடாகிவிடும்.

கற்கள் மங்கியது உங்கள் தவறில்லை. கல்லின் முகம் நுண்ணிய மேடுபள்ளம். காய்ந்த நிலையில் அது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து வெளிறிக் காட்டுகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பியதும் உள்நிறம் தெரிகிறது. தேன்மெழுகை மெல்லத் தடவித் துணியால் தேய்த்தால் அதில் பாதியாவது கிடைக்கும். முழுதாக வேண்டுமென்றால் தண்ணீர்க் கிண்ணத்திலேயே போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றுங்கள். விட்டால் பாசியும் கொசுவும்தான்.

விதைகளில் குன்றிமணி இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு. அதில் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. துளையிட்டுக் கோப்பது ஆபத்து, குழந்தை கடித்து உடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூடிய குப்பியில் உயரத்தில் வையுங்கள், அல்லது எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். பொட்டில்லாத முழுச்சிவப்பு மஞ்சாடி விதை கோப்பதற்கு நல்லது.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. கூடத்தில் ஏன் உட்காரத் தோன்றவில்லை? கல்லும் கிளிஞ்சலும் குளிர்ந்த பொருட்கள். ஒரே அறையில் கல்லும் மரமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும், ஆனால் கல் உங்கள் கையின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்கிறது, மரம் இழுப்பதில்லை. அதனால்தான் மரம் இதமாகத் தோன்றுகிறது. நீங்கள் கடினமான, குளிர்ந்த பொருட்களை ஒரே சுவரில் குவித்து அலமாரிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டீர்கள். கை அவற்றைத் தொடுவதே இல்லை. கட்டையை நாற்காலிக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடி கை எட்டும் தூரத்தில் வையுங்கள். கற்களுக்கு அடியில் தடித்த பருத்தித் துணியோ கம்பளித் துண்டோ விரியுங்கள். சொரசொரப்பு அழகாகத் தெரிய அருகில் மென்மை வேண்டும். வெறுந்தரையும் வெறுஞ்சுவரும் இருக்கும் அறையில் கைதட்டிப் பாருங்கள், எதிரொலி வந்தால் எந்த அலங்காரமும் அங்கே இதம் தராது. முதலில் ஒரு தரைவிரிப்பு, ஒரு கனத்த திரை.

ஒளி இதைவிட முக்கியம். கூரையிலிருந்து கொட்டும் வெள்ளை விளக்கு நிழலைத் துடைத்துவிடும், மரத்தின் ரேகையும் சங்கின் வரியும் அதோடு போய்விடும். மாலையில் அதை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும், இளமஞ்சள் ஒளி தரும் பல்பைக் கண்மட்டத்துக்குக் கீழே, பொருளுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஒளி சாய்வாகப் பட்டு ஒவ்வொரு மேடும் தன் நிழலோடு எழும். பின்னால் கருமையான அல்லது மண்நிறப் பரப்பு இருந்தால் நல்லது. காய்ந்த இலை, இறகு விளக்குக்கும் மெழுகுவத்திக்கும் அருகில் வேண்டாம். நேர் வெயிலும் அவற்றின் நிறத்தைத் தின்றுவிடும்.

ஒரு நேரத்தில் ஏழு பொருட்களுக்கு மேல் வெளியே வேண்டாம். மீதியைப் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே இருப்பவற்றோடு மாற்றுங்கள். ஒவ்வொன்றோடும் எடுத்த இடமும் தேதியும் எழுதிய சிறு சீட்டு. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும்.

குருவிக்கூட்டில் உண்ணிகள் பறவை போன பிறகும் பசியோடு இருக்கும், சில பறவைகள் பழைய கூட்டுக்கே திரும்பவும் வரும். மரத்திலிருந்து நீங்கள் எடுத்திருந்தால், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். காற்றில் விழுந்து கிடந்ததை எடுத்து வந்திருந்தால், உங்கள் ஊர் விதி அனுமதிக்கும் பட்சத்தில், அதற்கும் உறைபெட்டியில் இரண்டு வாரம். பிறகு கண்ணாடி மூடியின் கீழே வையுங்கள். குருவி எந்த நாரைக் கொண்டு எந்த விளிம்பில் முடிச்சிட்டது என்று பார்க்க ஒரு உருப்பெருக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.