அம்மா ஏன் ஸ்பீக்கரில் பேசுகிறார்?

கேள்வி: சென்னையில் தனியார் வேலை, வயது 31. கைக்கு மாதம் 48,000 ரூபாய் வருகிறது. 2021 கடைசியில் வாங்கிய ஐபோன் 13 வைத்திருக்கிறேன். மதியம் மூன்று மணிக்கெல்லாம் சார்ஜ் இறங்கிவிடுகிறது. ஆப் திறக்கத் தாமதம். 128 ஜிபியும் நிரம்பிவிட்டது. பேட்டரி ஹெல்த் 78 சதவீதம் காட்டுகிறது. புதிதாக வந்திருக்கும் ஐபோன் 17-ஐ 12 மாத ‘நோ காஸ்ட்’ தவணையில் எடுக்கலாமா, அடுத்த மாடல் வரை பொறுக்கலாமா? எக்ஸ்சேஞ்ச் கேட்டால் கடையில் அடிமாட்டு விலை சொல்கிறார்கள். அதனால் பழையதை, தென்காசிப் பக்கம் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அம்மாவின் ஆண்ட்ராய்டு போன் 2018-ல் வாங்கியது. காதில் வைத்தால் கேட்கவில்லை என்று எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவருக்கு என்ன, பேசத்தானே போன்!

— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, செப்டம்பர் பிறந்தால் இந்தக் கடிதமும் வந்துவிடும். போனின் பெயரில் மட்டும் வருஷத்துக்கு ஒரு எண் ஏறும். நீங்கள் கேட்டதற்குப் பதிலைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கேட்காமல் விட்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வாங்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் இரண்டுக்குப் பேட்டரியே காரணமாக இருக்கலாம். ஐபோன் 14 வரையிலான மாடல்களில், 500 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. இத்தனை வருஷம் உழைத்து 78-ல் நிற்கும் பேட்டரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயதான பேட்டரியில் உள்மின்தடை கூடும். கேமராவைத் திறக்கும்போது திடீரென்று மின்சாரம் கேட்டால் அதனால் கொடுக்க முடியாது, போன் பட்டென்று அணைந்துவிடும். அப்படி அணையாமலிருக்க மென்பொருளே செயலியின் வேகத்தைக் கட்டிப்போடும். நீங்கள் தாமதம் என்று எழுதியிருப்பது அந்தக் கட்டாக இருக்கலாம். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பக்கத்தைச் சதவீதத்தோடு மூடிவிடாமல், கீழே உள்ள வரிகளையும் படித்துப் பாருங்கள். புது பேட்டரி போட்டால் கட்டு அவிழும்.

மாற்றுவதை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் செய்யுங்கள். வெளிக்கடையில் பாதி விலைக்கு முடியும் என்பார்கள். அசல் அல்லாத பேட்டரி போட்டால் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்ற அறிவிப்பு போனில் வந்து உட்காரும், ஹெல்த் சதவீதத்தையும் நம்ப முடியாது. திரையைத் திறந்து மூடும்போது ஓரத்துப் பசையைப் புதிதாக ஒட்டாமல் விட்டால், ஒரு மழைக்கே கேமரா கண்ணாடிக்குள் ஆவி படியும். 128 ஜிபி நிரம்பியதற்குப் போன் என்ன செய்யும்? படங்களைக் கணினியில் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வுக்குள் போய்ப் பெரிய வீடியோக்களை நீக்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. 2025-ல் வந்த ஐஓஎஸ் 26 மென்பொருள் உங்கள் 13-க்கும் உண்டு, ஐபோன் 11 வரைக்கும் கொடுத்திருக்கிறார்கள். யாரும் உங்களைக் கைவிட்டுவிடவில்லை.

17 நல்ல போன்தான், அதில் சண்டையில்லை. 120 ஹெர்ட்ஸ் திரை, தொடக்கமே 256 ஜிபி. இந்தியாவில் வந்தபோது விலை 82,900 ரூபாய். 12 மாதம் என்றால் மாதம் 6,908. ‘நோ காஸ்ட்’ என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, வங்கி அதே தொகையை வட்டியாகவே வசூலிக்கும். கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வட்டி ஏறத்தாழ 6,750, அதற்கு வரி 1,200 சொச்சம், போதாததற்குச் செயல்முறைக் கட்டணம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடியும் போச்சு. 48,000 சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு ஒரு வருஷத்துக்குக் கட்டுண்டு கிடக்கும்.

போன் விஷயம் அவ்வளவுதான். இப்போது அம்மா.

சார்ஜ் மூன்று மணி தாண்டவில்லை, உங்களுக்கு வேண்டாம். கடைக்காரரும் அடிமாட்டு விலை சொல்லிவிட்டார். ஆகவே அம்மாவுக்கு. பாத்திரக்காரருக்குப் பழைய துணி போடுகிற கணக்கும் இதேதான், அங்கேயாவது பதிலுக்கு ஒரு கிண்ணம் வரும். உங்களுக்கே மதியத்தோடு படுத்துவிடுகிற போன், தனியாக இருக்கும் ஒரு பெண்மணியின் கையில் ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த நிலையில் இருக்கும்? குளியலறையில் வழுக்குவதும் நெஞ்சைப் பிடிப்பதும் மூன்று மணிக்குள் நடந்தாக வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

அவர் கை ஏழெட்டு வருஷமாக ஆண்ட்ராய்டில் பழகியது. உங்கள் 13-ல் ‘பின்னால் போ’ பொத்தானே கிடையாது. சார்ஜர் முனை வேறு, அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் கேட்டாலும் பொருந்தாது. உங்கள் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறாமல் கொடுத்தால் உங்கள் படங்களும் செய்திகளும் அவர் திரையில் வந்து விழும். நீங்கள் அதில் இருக்கும்போதே யாராவது ரீசெட் செய்துவிட்டால், உங்கள் கடவுச்சொல் இல்லாமல் அந்தப் போன் மறுபடி எழுந்திருக்காது. அவருடைய வாட்ஸ்அப் உரையாடல்கள் வர வேண்டுமென்றால், ஐபோனை முழுதாகத் துடைத்து, முதல் தடவை ஆன் செய்யும் நிலையில் வைத்து, ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற ஆப் வழியாக மாற்ற வேண்டும். இதில் எதையாவது யோசித்தீர்களா? ‘கொடுத்துவிடலாம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ‘எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியாது.

ஊர் வீட்டுத் திண்ணையில் ஸ்பீக்கரில் பேசினால் அதைக் கேட்பது யார் யார்? எதிர்வீட்டு அக்கா, பால் ஊற்ற வந்தவர், வழியில் போகிற சித்தப்பா. இத்தனை பேர் காதில் விழ ஒரு தாய் மகனிடம் என்ன பேச முடியும்? சாப்பிட்டியா, அங்கே மழையா. அதைத் தாண்டி எதுவும் வராது. ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று சொல்ல முடியுமா? சித்தப்பா வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தரவில்லை என்று சொல்ல முடியுமா? அம்மா உங்களிடம் தனியாக நாலு வார்த்தை பேசி எத்தனை மாதம் ஆகிறது, யோசியுங்கள். பேசத்தானே போன் என்கிறீர்கள். பேச முடியவில்லை என்பதையும் அதே மூச்சில் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

காதில் வைத்தால் கேட்காததற்கு மூன்று இடத்தில் காரணம் இருக்கலாம்: போன், நெட்வொர்க், காது. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

போனின் மேல்விளிம்பில், காதில் படுகிற இடத்தில், மெல்லிய வலை ஒன்று இருக்கும். பவுடரும் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து, வருஷக்கணக்கில் அதில் மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்கே தெரியும். போனை அணைத்து, அந்தப் பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மிருதுவான, உலர்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தட்டித் தேயுங்கள். ஊசி, ஊக்கு வேண்டவே வேண்டாம், வலை கிழிந்துவிடும். தண்ணீரும் ஸ்பிரிட்டும் வேண்டாம், அழுக்கைக் கரைத்து உள்ளே இறக்கிவிடும். டெம்பர்ட் கிளாஸ் நகர்ந்து வலையை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரிங்டோன் சத்தம் வேறு, பேசும்போது வரும் சத்தம் வேறு. இரண்டாவதை அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதுதான் பக்கவாட்டுப் பொத்தானில் கூட்ட முடியும். பல பெரியவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

அடுத்தது நெட்வொர்க். பழைய முறை அழைப்பில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் வந்து சேரும். வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகப் போகும் அழைப்பில் 7,000 வரை வரும். ‘ச’வையும் ‘த’வையும் பிரித்துக் காட்டுகிற கூர்மை அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் குரல் கேட்கும், வார்த்தை குழம்பும். மொபைல் நெட்வொர்க் அமைப்பில் வோல்ட்இ அணைந்து கிடந்தால் போட்டுவிடுங்கள். உங்கள் பக்கமும் இருந்தால்தான் பலன்.

இரண்டும் சரியென்றால், நல்ல நிலையிலுள்ள வேறொருவர் போனில் அம்மாவைப் பேச வையுங்கள். முதலில் வலக்காது, பிறகு இடக்காது. அதிலும் தெளிவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். வயதால் வருகிற செவிக்குறை உயர்ந்த ஒலிகளில்தான் தொடங்கும். ‘கேக்குது, என்ன சொல்றேன்னுதான் வெளங்கல’ என்பார்கள். டிவி சத்தம் கூடியிருக்கிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறாரா, பார்த்தாலே தெரியும். வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம், மருத்துவர் எடுத்துவிடுவார். அதற்குள் யாராவது எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொன்னால் ஊற்ற விடாதீர்கள். பட்ஸும் கூடாது, அழுக்கை உள்ளே தள்ளும். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போய்விடலாம். வெளிநோயாளிச் சீட்டுக் காலையில்தான் போடுவார்கள். ஞாயிறு போய் ஞாயிறே திரும்புகிற பயணம் உதவாது, திங்கட்கிழமை லீவு போடுங்கள். காதில் ஹெட்போனை மாட்டி, எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்து தாளில் கொடுப்பார்கள். ஆடியோகிராம் என்று பெயர்.

அந்த 2018 போனும் ஓய்வு பெற வேண்டியதுதான். அதன் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்று வருஷங்கள் ஆகியிருக்கும். உள்ளே இடம் அடியோடு தீர்ந்துவிட்டால் குறுஞ்செய்திகூட வராது, வங்கி ஓடிபி உட்பட. இந்த வீட்டில் புதுப் போன் யாருக்காவது வாங்க வேண்டுமென்றால் அது அம்மாவுக்குத்தான். 12,000, 15,000-க்கே போதுமானது கிடைக்கும். நீங்கள் கட்டத் தயாராக இருக்கும் தவணையில் இரண்டு மாதம். அதே நிறுவனத்தின் போனாகப் பாருங்கள், பொத்தான்கள் பழகிய இடத்திலேயே இருக்கும். கூரியரில் அனுப்பும் வேலை வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கி, உங்கள் எண்ணை முகப்பில் வைத்து, பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி அமைத்து, நாலு தடவை அவரையே செய்ய வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ‘அம்மா எதுவும் கேட்கவில்லையே’ என்று எழுத நினைப்பீர்கள். கேட்க மாட்டார். கேட்காமலே பார்த்துச் செய்வதற்குத்தான் மகன்.

எந்தப் போன் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். காது கேட்க உதவும் கருவி தேவை என்றாகிவிட்டால், அதோடு ப்ளூடூத்தில் நேரடியாக இணைகிற போனாகத்தான் தேட வேண்டும். எல்லாப் போனும் எல்லாக் கருவியோடும் சேராது. எனவே பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுங்கள், பையில் ஒரு புது டூத் பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள், ஆடியோகிராம் தாள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். 17-ஐப் பற்றி இனி எழுத வேண்டாம்.