துணி கலெக்‌ஷன் எண்டா என்ன, அதை வச்சு குவில்ட் போர்வை (துணித் துண்டுகளைப் பொருத்தித் தைக்கிற போர்வை) தைக்கிறது ஏன் லேசு?

ஒரு கருப்பொருளை, கடலோ தோட்டமோ, வச்சு ஒரே நிறக் கூட்டுக்குள்ள கீறின கொட்டன் துணியளின்ர செற்தான் கலெக்‌ஷன். நிறம் ஏற்கெனவே ஒத்துப்போறபடியாத்தான் தைக்கிறது லேசு. அதுக்குள்ள பெரிய பூ, நடுத்தரம், பொடிப் புள்ளி எண்டு எல்லா அளவிலயும் பிறிண்ட் இருக்கும், அதுதான் முக்கியம், எல்லாமே பெரிய பூவெண்டா கண் நிக்க இடமில்லாம அலையும். எங்கட சாப்பாடு மாதிரித்தான், ஒரு உறைப்புக் கறி, பக்கத்தில பால்கறி, சொதி. பெரிய பிறிண்டைப் பொடியா வெட்டிப்போடாதேங்கோ, படமே போயிடும் (5 அங்குலச் சதுரம் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனாப் பிறகு 4.5 தான்), மிச்சத் துண்டில தலகணி உறை, யன்னல் சீலைக் கரை தைச்சா அறையே வடிவாயிருக்கும்.

ஒரே கலெக்‌ஷன் துணிதான் போடவேணுமெண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடியில்லை, நிறம் ஒத்துவந்தா அம்மான்ர பழைய கொட்டன் சீலையும் சேரும், சாயம் போகுதோ எண்டு முதல் தோய்ச்சுப் பாருங்கோ.