உயரம் 146 செ.மீ.: சுகப்பிரசவம் ஆகுமா?

கேள்வி: வயது 23, தலைப்பிரசவம், 34 வாரம். உயரம் 146 செ.மீ. ‘இடுப்பு ஒடுக்கம், ஆபரேஷன்தான்’ என்கிறார் மாமியார். அளந்து பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட முடியாதா? - வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முடியாது. மாமியார் பார்ப்பது பாவாடை நாடா கட்டும் இடத்தை. குழந்தை வரும் வழி அதற்கு உள்ளே, எலும்பு வளையத்தில் இருக்கிறது. அதன் மேல்வாய் முன்பின்னாகச் சுமார் 10.5 செ.மீ.; நிறைமாதத் தலையின் அகலம் சுமார் 9.5. பிறப்புறுப்பு வழியாகப் பரிசோதிக்கும்போது பின்பக்க எலும்பு மேடு விரலுக்கு எட்டாவிட்டால் பொதுவாக இடம் போதும் என்று கொள்வோம். எட்டினாலும் அதோடு தீர்ப்பு முடியாது. வலியில் தாயின் மூட்டுகள் தளரும். குழந்தை தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளும். மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலை சிறுக்கும். எக்ஸ்ரே எடுத்து அளந்ததில் ஆபரேஷன்தான் கூடியது, பலன் கூடவில்லை.

நம் நாட்டில் 140 செ.மீ.க்குக் கீழ் இருந்தால்தான் உயரத்தை வைத்தே ‘ஹை ரிஸ்க்’ என்று குறிக்கிறார்கள். நீங்கள் அதற்கு மேல். குள்ளமான தாய்க்குப் பெரும்பாலும் பிள்ளையும் சிறிதாகவே இருக்கும். அதைக் கெடுப்பது தாயின் சர்க்கரை, பிள்ளை பெருத்துவிடும்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம் தேவை. ஸ்கேன் சொல்லும் எடையை அப்படியே நம்ப வேண்டாம். 3 கிலோ என்றால் 2.7ஆகவும் இருக்கலாம், 3.3ஆகவும் இருக்கலாம். சிறுவயதில் போலியோ, இடுப்பெலும்பு முறிவு, முதுகு வளைவு இருந்திருந்தால் மட்டும் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள்.

உண்மையான பரீட்சை வலியில்தான். கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகு, நல்ல வலி இருந்தும் திறப்பு மணிக்கணக்கில் நின்றுவிட்டால், தலை இறங்காமல் உச்சியில் வீக்கம் மட்டும் பெருத்தால், சிறுநீரில் ரத்தம் கலந்தால் ஆபரேஷன் தேவை. ஆகவே ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் உள்ள இடத்தில் பிரசவம் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பாம்பன் பாலம் தாண்டி ஒரு மணி நேர வழி. வலி முற்றும்வரை வீட்டில் இருக்காதீர்கள்.

38 வாரத்திலும் தலை இறங்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம், தலைப்பிரசவத்திலும் பலருக்கு வலி வந்த பிறகே இறங்கும். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தால் போதும். ஆனால் தலை மேலே நிற்கும்போது பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முன்னால் நழுவலாம். நடக்க வேண்டாம், ஆட்டோ வேண்டாம். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து 108ஐ அழையுங்கள். கொடி வெளியே தெரிந்தால் யாரும் அதை உள்ளே தள்ளக் கூடாது.