பெரிய கோயில் நந்தி யார் வைத்தது?

ஐயா, வணக்கம். மாணவர்களைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போகவிருக்கிறேன். நந்தியை இராஜராஜன் வைத்ததாகச் சொல்கிறார்கள். நாயக்கர் காலத்தது என்றும் படித்தேன். இத்தனை அரசுகள் மாறிய ஊரில் எது யார் காலத்தது என்று நேரில் பார்த்துப் பிரித்தறிய வழி உண்டா?
— ஓர் ஆசிரியர், கும்பகோணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. அதைச் சொன்னால் இராஜராஜனுக்குக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இராஜராஜன் எடுப்பித்த விமானத்திலிருந்து (கருவறைமேல் உயர்ந்த கோபுரம்) தொடங்குவது நல்லது. அதன் கல்வெட்டு, உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்த நாளை 'யாண்டு 25, நாள் 275' என்கிறது; அதாவது அவனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள். குடத்தின் எடை 3083 பலம் (பழைய எடை அளவு). ஆட்சியாண்டைப் பட்டமேறிய ஆண்டோடு அப்படியே கூட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. முதல் ஆண்டும் கணக்கில் சேர்ந்திருப்பதால் ஒன்றைக் கழிக்க வேண்டும். இராஜராஜன் பட்டமேறியது 985இன் நடுவில். 25ஆம் ஆண்டு 1009இன் நடுவில் தொடங்கும். அதில் 275ஆம் நாள் 1010இல் விழும். மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அடுத்து தூண்கள். தண்டைப் பார்ப்பதைவிட, உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையைப் பாருங்கள். சோழர் போதிகை சரித்து வெட்டியதுபோல் எளிமையாக இருக்கும். விஜயநகர, நாயக்கர் காலங்களில் அதன் நுனி பூமொட்டாகி, வாழைப்பூவாகத் தொங்கும். கோயிலைச் சுற்றி ஓடும் சோழர் காலத் திருச்சுற்று மாளிகையின் தூணையும் வடமேற்கில் உள்ள நாயக்கர் கால முருகன் சன்னதியையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நாயக்கர் சிற்பியின் உளி எவ்வளவு நுணுக்கமானது என்பது கண்ணில் படும்.

அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் அரசன் புகழைப் பாடும் பகுதி) தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்ததைப் பெருமையாகப் பாடுகிறது. அதே ஊரில், அதே நூற்றாண்டில், அதே மரபினர் அம்மனுக்குக் கோயில் எடுத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் தஞ்சை வரலாற்றைச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அங்குள்ள கல்வெட்டில் 'கோனேரின்மைகொண்டான்' என்று வரும். அது ஆள் பெயரல்ல. சோழரிலும் பாண்டியரிலும் பலர் சூடிய பட்டம். அதை மட்டும் வைத்து அரசனை முடிவு செய்யக் கூடாது.

கருவறையைச் சுற்றிய உள்நடையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே பொதுவாக அனுமதி இல்லை; படங்களை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். மராட்டியர் காலத்தைப் பார்க்கத் திருச்சுற்றின் தென்மேற்குப் பகுதிக்குப் போங்கள். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803இல் வெட்டுவித்த, தம் குலமான போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு சுவர் நெடுக மராத்தியில் ஓடுகிறது.

ஓர் எச்சரிக்கை. கல்வெட்டில் உள்ள அரசனின் காலமே சுவரின் காலம் என்று எப்போதும் கொள்ள முடியாது. உங்கள் ஊருக்கு அருகே திருக்கோடிக்காவலில் சோழ அரசி செம்பியன் மாதேவி கோயிலைக் கற்றளியாக்கியபோது (கல்லால் கட்டியபோது) பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டினார்கள். பல்லவர் பெயர் சோழர் சுவரில் இருப்பது அதனால்தான். 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற வரியை அங்கே மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள்.